குபர்னெட்டிஸ் லாகினுக்கு டெக்ஸ்: யார் வைக்கலாம், யாருக்கு வேண்டாம்

ஒரே அட்மின் ஃபைலை டீம் முழுக்கப் பகிர்ந்துகொண்டு, எல்லாரும் ஒரே ஆள் பெயரில் குபர்னெட்டிஸ் கிளஸ்டருக்குள் (கண்டெய்னர்களை ஓட்டும் சர்வர் கூட்டம்) போய்வருகிற வழக்கம் இன்னும் நிறைய இடங்களில் இருக்கிறது. சின்ன டீம்தானே, எல்லாரும் நம்ம ஆட்கள்தானே என்பார்கள். ஒருவர் வேலையை விட்டுப் போகிற நாளில்தான் அந்த ஃபைல் எத்தனை லேப்டாப்பில் கிடக்கிறது என்ற கேள்வியே எழும். அதிலிருந்து வெளியே வர நினைப்பவர்களுக்காக இந்த ரிவ்யூ. எடுத்துக்கொண்டது டெக்ஸ் என்ற ஓப்பன் சோர்ஸ் லாகின் சாஃப்ட்வேர், கூடவே ஒவ்வொருவர் மெஷினிலும் போடுகிற குபெலாகின் ப்ளகின்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்களிடம் ஏற்கெனவே எல்டாப்போ ஆக்டிவ் டைரக்டரியோ கிட்ஹப் ஆர்கனைசேஷனோ பயனர் பட்டியலாக இருக்கிறது, கிளஸ்டருக்கு வரும் கட்டளைகளை வாங்கும் ஏபிஐ சர்வரின் செட்டிங்கில் உங்களால் கை வைக்க முடியும் என்றால் டெக்ஸ் நல்ல தேர்வு. பயனர் பட்டியல் என்று ஒன்றே இல்லை, அதையும் டெக்ஸே பார்த்துக்கொள்ளும் என்ற நினைப்பில் இருந்தால் வேண்டாம், வேறு ஒன்றைப் பாருங்கள்.

புதிதாக வருபவர்களை முதலில் குழப்புவது, குபர்னெட்டிஸில் யூசர் என்று ஒரு பொருளே கிடையாது என்பதுதான். பாட் (கண்டெய்னர்கள் ஓடும் அலகு) இருக்கிறது, சர்வீஸ் இருக்கிறது, சர்வீஸ் அக்கவுண்ட் கூட இருக்கிறது, ஆனால் மனிதர்களுக்கு என்று உள்ளே எதையும் உருவாக்க முடியாது. வெளியிலிருந்து யாராவது "இவர் பெயர் இது, இவர் இந்தக் குழுக்களில் இருக்கிறார்" என்று நம்பும்படி சொன்னால் ஏபிஐ சர்வர் ஏற்றுக்கொள்ளும், அவ்வளவுதான். அந்த ஆள் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்பதை அதன் பிறகு உரிமை விதிகளான ஆர்பேக் பார்த்துக்கொள்கிறது. ஆக, யார் சொல்வது, எப்படி நம்புவது என்பதுதான் மொத்தப் பிரச்சினையும்.

கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும் வழிகள் எல்லாவற்றிலும் ஏதோ ஒரு ஓட்டை இருக்கிறது. கிளையண்ட் சர்டிஃபிகேட் எடுத்துக்கொண்டால், கொடுத்ததைத் திரும்ப வாங்க வழியில்லை. குபர்னெட்டிஸ் சர்டிஃபிகேட் ரத்துப் பட்டியலைப் பார்ப்பதில்லை. அதிலும் எல்லா உரிமையும் உள்ள சிஸ்டம் மாஸ்டர்ஸ் குழுவில் போட்டுக் கொடுத்த சர்டிஃபிகேட் என்றால் ஆர்பேக்கையே தாண்டிப் போய்விடும், காலாவதி ஆகும் வரை காத்திருக்க வேண்டும் அல்லது சர்டிஃபிகேட்டுகளுக்குக் கையெழுத்திடும் கிளஸ்டரின் சிஏவையே மாற்ற வேண்டும். கிளஸ்டர் நிறுவும் கருவியான குபேட்எம் போட்ட கிளஸ்டர்களில் 1.29 வெர்ஷனுக்கு முன் வரை அட்மின் ஃபைலே இந்தக் குழுவில்தான் இருந்தது. 1.29 முதல் அதைச் சாதாரண அட்மின் குழுவுக்கு மாற்றி, சூப்பர் அட்மின் என்று தனி ஃபைல் ஒன்றை வைத்திருக்கிறார்கள். நல்ல மாற்றம், ரொம்பத் தாமதம்.

அடுத்தது ஸ்டாடிக் டோக்கன் ஃபைல். ஒரு சிஎஸ்வியில் டோக்கன் (பாஸ்வேர்டு மாதிரியான நுழைவுச் சீட்டு), பெயர், ஐடி, வேண்டுமானால் குழு என்று எழுதி ஏபிஐ சர்வரிடம் கொடுப்பது. அந்த டோக்கன்களுக்குக் காலாவதியே இல்லை, ஒரு வரி மாற்றினாலும் ஏபிஐ சர்வரை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். வீட்டு லேபில் விளையாடிப் பார்க்கச் சரி. இதற்கு அண்ணனான பேசிக் ஆத் ஃபைலை 1.19-இலேயே தூக்கிவிட்டார்கள்.

மூன்றாவது வழி, அதிகம் பேர் பிடித்துக்கொள்வது: ஆளுக்கொரு சர்வீஸ் அக்கவுண்ட் உருவாக்கி அதன் டோக்கனைக் கையில் கொடுத்துவிடுவது. 1.24-க்கு முன் சர்வீஸ் அக்கவுண்ட் உருவாக்கினாலே ஒரு சீக்ரெட்டும் தானாக வந்துவிடும், அதில் காலாவதி ஆகாத டோக்கன் இருக்கும், எடுத்துக் கொடுத்தால் வேலை முடிந்தது. 1.24-இல் அந்தத் தானியங்கி வேலையை நிறுத்தி, டோக்கன் வேண்டுமானால் கேட்டு வாங்கு, சாதாரணமாக ஒரு மணி நேரம்தான் ஆயுள் என்று ஆக்கினார்கள். உடனே நிறைய பேர் "பழைய மாதிரி நிரந்தர டோக்கன் எப்படி எடுப்பது" என்று தேட ஆரம்பித்தார்கள், அந்த மாற்றம் எதற்காக வந்தது என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. சர்வீஸ் அக்கவுண்ட் என்பது பாட்களுக்கானது. மனிதருக்குக் கொடுத்தால் ஆடிட் லாகில் சர்வீஸ் அக்கவுண்ட் பெயர்தான் பதிவாகும், குழு வசதி உங்கள் விருப்பப்படி வராது, ஆள் போனதும் ஞாபகம் வைத்து நீங்களே அழிக்க வேண்டும்.

சரி, டெக்ஸுக்கு வருவோம். கோர்ஓஎஸ் நிறுவனம் 2015-இல் வெளியிட்டது, கோ மொழியில் எழுதியது. 2018-இல் ரெட் ஹேட் அந்த நிறுவனத்தை வாங்கியது, 2020-இல் டெக்ஸ், குபர்னெட்டிஸின் தாய் அமைப்பான சிஎன்சிஎஃப்பின் சாண்ட்பாக்ஸில் (ஆரம்பக் கட்டத் திட்டங்களின் பட்டியல்) சேர்ந்தது. டெப்ளாய்மெண்ட் கருவியான ஆர்கோ சிடி பயன்படுத்துபவர்கள் தெரியாமலே டெக்ஸை ஓட்டிக்கொண்டிருக்கலாம், ஏனென்றால் அதனோடு சேர்ந்தே வருகிறது. டெக்ஸ் செய்வது ஒரு தரகர் வேலை: ஒரு பக்கம் உங்கள் எல்டாப், கிட்ஹப், கிட்லாப், கூகுள், மைக்ரோசாஃப்ட் என்று எதனோடு வேண்டுமானாலும் அதனதன் பாஷையில் பேசும், மறுபக்கம் குபர்னெட்டிஸுக்குப் புரிகிற பாஷையான ஓஐடிசியில் (லாகின் விவரத்தைப் பகிரும் பொது நெறிமுறை) கையெழுத்திட்ட டோக்கனாகக் கொடுக்கும்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், ஏபிஐ சர்வர் ஒவ்வொரு ரிக்வெஸ்டுக்கும் டெக்ஸிடம் போய்க் கேட்பதில்லை என்பது. டெக்ஸின் பப்ளிக் கீயை வாங்கி வைத்துக்கொண்டு, வருகிற டோக்கனின் கையெழுத்தை அங்கேயே சரிபார்க்கிறது. யார் வழங்கியது, யாருக்காக வழங்கியது, காலாவதி ஆகிவிட்டதா, இவ்வளவுதான் பார்க்கும். அதனால் டெக்ஸ் கொஞ்ச நேரம் படுத்துவிட்டாலும் ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களுக்கு டோக்கன் தீரும் வரை எதுவும் தெரியாது. இதே விஷயத்தின் மறுபக்கம்தான் இந்த அமைப்பின் பெரிய பலவீனம், அதைக் கீழே தனியாகப் பேசுகிறேன்.

டெக்ஸை நிறுவுவது உண்மையிலேயே எளிது. ஹெல்ம் சார்ட் (நிறுவல் தொகுப்பு) இருக்கிறது, ஒரே யாமல் ஃபைலில் மொத்த கான்ஃபிகும் அடங்கிவிடும், டேட்டாபேஸ் கூடத் தனியாக வேண்டாம், கிளஸ்டருக்குள்ளேயே கஸ்டம் ரிசோர்ஸாகத் தன் விவரங்களைச் சேமித்துக்கொள்ளும். போஸ்ட்கிரஸ், மைஎஸ்கியூஎல் வேண்டுபவர்களுக்கு அதுவும் உண்டு. மெமரி ஸ்டோரேஜை மட்டும் சோதனைக்கு மேல் பயன்படுத்தாதீர்கள், பாட் ரீஸ்டார்ட் ஆனால் கையெழுத்துச் சாவியே போய்விடும், ஏபிஐ சர்வர் புதுச் சாவிக்கு மாறியதும் அதுவரை கொடுத்த டோக்கன் அத்தனையும் செல்லாக்காசு.

கஷ்டம் எல்லாம் ஏபிஐ சர்வர் பக்கம். குபேட்எம் கிளஸ்டரில் ஏபிஐ சர்வர் ஒரு ஸ்டாடிக் பாட், அதன் வரையறை ஃபைலான மேனிஃபெஸ்டைத் திருத்திச் சேமித்த அடுத்த கணமே, ஒவ்வொரு நோடிலும் (கிளஸ்டரின் சர்வர்) பாட்களை ஓட்டும் குபெலெட் அதை ரீஸ்டார்ட் செய்துவிடும். ஃப்ளாகில் (ஸ்டார்ட் ஆகும்போது கொடுக்கும் ஆப்ஷன்) ஒரு எழுத்து பிசகினாலும் ஏபிஐ சர்வர் எழுந்திருக்காது, அது எழாததால் கமாண்ட் கருவியான கியூப்சிடிஎல் வைத்து என்ன ஆயிற்று என்று பார்க்கவும் முடியாது, நோடுக்குள் போய் கண்டெய்னர் லாகைத்தான் தேட வேண்டும். இன்னொன்று, மாற்றுவதற்கு முன் பேக்கப் எடுக்கிறேன் என்று அதே மேனிஃபெஸ்ட் ஃபோல்டரில் இன்னொரு காப்பி வைத்துவிடாதீர்கள், புள்ளியில் தொடங்காத எந்த ஃபைல் இருந்தாலும் குபெலெட் அதையும் ஒரு பாட் என்றே எடுத்துக்கொள்ளும். வேறு ஃபோல்டரில் வையுங்கள். கையால் திருத்தியதோடு நிறுத்தவும் கூடாது, குபேட்எம் தன் கான்ஃபிகைக் கிளஸ்டருக்குள் ஒரு கான்ஃபிக்மேப்பில் வைத்திருக்கிறது, அங்கேயும் சேர்க்காவிட்டால் அடுத்த அப்கிரேடில் உங்கள் ஃப்ளாகுகள் சத்தமில்லாமல் காணாமல் போகும்.

கொடுக்க வேண்டிய விவரங்கள் அதிகமில்லை. டெக்ஸின் முகவரி, கிளையண்ட் ஐடி, பெயரை டோக்கனில் எந்த இடத்திலிருந்து எடுப்பது, குழுவை எங்கிருந்து எடுப்பது, சொந்த சிஏ என்றால் அதன் ஃபைல். முகவரி கட்டாயம் ஹெச்டிடிபிஎஸ்ஸாக இருக்க வேண்டும், டெக்ஸ் கான்ஃபிகில் இருப்பதும் ஏபிஐ சர்வருக்குக் கொடுப்பதும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். கடைசியில் ஒரு சாய்கோடு ஒரு பக்கம் இருந்து மறுபக்கம் இல்லை என்றாலே "வேறு யாரோ கொடுத்த டோக்கன்" என்று தள்ளிவிடும். பெயருக்கு இமெயிலைப் பயன்படுத்தினால் இன்னொரு பொறி: டோக்கனில் இமெயில் சரிபார்க்கப்படவில்லை என்ற குறி இருந்தால் ஏபிஐ சர்வர் ஏற்காது. டெக்ஸின் எல்டாப் கனெக்டர் சரிபார்த்ததாகவே குறித்துக் கொடுப்பதால் அங்கே பிரச்சினை வராது, பின்னால் வேறொரு ஓஐடிசி சர்வரை மாட்டியிருந்தால் முட்டிக்கொள்ளலாம். இந்த எரர் எல்லாம் பயனருக்குத் தெரியாது. அவருக்கு வருவது வெறும் 401 என்ற மறுப்பு, காரணம் ஏபிஐ சர்வர் லாகில்தான் இருக்கும்.

முன்னொட்டு விஷயத்தைத் தயவுசெய்து தவிர்க்காதீர்கள். குழுப் பெயருக்கு முன் ஏதாவது ஒரு சொல் ஒட்டும்படி வைக்கலாம், அது அலங்காரத்துக்கு இல்லை. முன்னொட்டு இல்லாத கிளஸ்டரில், எல்டாப்பில் குழு உருவாக்கும் உரிமை உள்ள யாராவது சிஸ்டம் மாஸ்டர்ஸ் என்ற அதே பெயரில் ஒரு குழுவைப் போட்டுத் தன்னைச் சேர்த்துக்கொண்டால், மொத்தக் கிளஸ்டரும் அவர் கையில். ஹெல்ப் டெஸ்க் ஆள் கிளஸ்டர் அட்மின் ஆகிவிடுவார், ஒரு அலாரமும் அடிக்காது.

புது வெர்ஷனில் இருப்பவர்களுக்கு நல்ல செய்தி, இந்த ஃப்ளாக் சமாச்சாரத்தையே விட்டுவிடலாம். 1.29-இல் ஆல்ஃபாவாக வந்து, 1.30-இல் பீட்டா ஆகி, 1.34-இல் நிலையானதாக அறிவிக்கப்பட்ட புது முறை ஒன்று இருக்கிறது. எல்லாவற்றையும் தனி கான்ஃபிக் ஃபைலில் எழுதலாம், மாற்றினால் ரீஸ்டார்ட் இல்லாமலே ஏற்றுக்கொள்ளும், ஒன்றுக்கு மேற்பட்ட டோக்கன் வழங்குநர்களை வைக்கலாம். அதிலும் பயனரைப் பற்றிய விதிகளைச் சின்ன எக்ஸ்பிரஷனாக எழுதும் வசதி அருமை, சிஸ்டம் என்று தொடங்கும் எந்தக் குழுப் பெயரையும் ஏற்காதே என்று ஒரே வரியில் மேலே சொன்ன ஓட்டையை அடைக்கலாம். பழைய ஃப்ளாகுகளையும் இதையும் சேர்த்து வைக்க முடியாது, ஏதாவது ஒன்றுதான். இன்று புதிதாகத் தொடங்குபவர் பழைய ஃப்ளாக் வழியில் போக எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

இனி லேப்டாப் பக்கம். கியூப்சிடிஎல்லுக்குப் பிரவுசரைத் திறந்து லாகின் செய்யத் தெரியாது, அந்த வேலையைக் குபெலாகின் செய்கிறது. ப்ளகின்களை நிறுவும் க்ரூ வழியாக நிறுவலாம். ஒரு கமாண்ட் அடித்தால் பிரவுசர் திறக்கும், டெக்ஸ் பக்கம் வரும், உங்கள் கம்பெனி பாஸ்வேர்டைப் போட்டதும் டெர்மினலில் பதில் வந்து நிற்கும். அப்புறம் டோக்கன் தீரும்போது ரிஃப்ரெஷ் டோக்கனை வைத்து அதுவே பின்னணியில் புதுப்பித்துக்கொள்ளும். டெவலப்பர்களிடம் இதைக் கொடுத்தால் புகாரே வராது, பழகுவதற்கு ஒன்றுமில்லை. டீமுக்குக் கொடுக்கிற கான்ஃபிக் ஃபைலில் ரகசியம் எதுவும் இல்லை என்பதால் கிட்டிலேயே போட்டு வைக்கலாம், இது ஒன்றுக்காகவே மாறலாம் என்பேன். கிளையண்ட் சீக்ரெட்டை எல்லாருக்கும் அனுப்பிக்கொண்டிருக்காமல், டெக்ஸில் பப்ளிக் கிளையண்டாக அறிவித்து, ரகசியம் இல்லாமலே லாகினைப் பாதுகாக்கும் பிகேசிஇ முறையில் வையுங்கள். எல்லார் லேப்டாப்பிலும் இருக்கிற ஒன்றை ரகசியம் என்று சொல்லிக்கொள்வதில் என்ன இருக்கிறது? பிரவுசர் இல்லாத ஜம்ப் சர்வரில் வேலை செய்பவர்கள் டிவைஸ் கோட் முறைக்கு மாற்றிக்கொள்ளலாம், கோடை வேறு மெஷினில் போட்டால் போதும். ஒரு எச்சரிக்கை, குபெலாகின் என்ற பெயரில் அஷூர்காரர்களும் வேறு ஒன்று வைத்திருக்கிறார்கள், கூகுளில் தேடினால் இரண்டும் கலந்து வரும், அவர்களுடைய ஆப்ஷன்களை இங்கே அடித்துவிட்டு வேலை செய்யவில்லை என்று உட்கார்ந்திருக்காதீர்கள்.

பலவீனம் என்று சொன்னேனே, அது இதுதான்: கொடுத்த டோக்கனைப் பிடுங்க முடியாது. ஏபிஐ சர்வர் டெக்ஸிடம் கேட்பதில்லை என்பதால், ஒருவரை எல்டாப்பிலிருந்து நீக்கிய பிறகும் அவர் கையில் இருக்கும் டோக்கன் தன் ஆயுள் முடியும் வரை ஓடும். டெக்ஸின் டீஃபால்ட் ஆயுள் 24 மணி நேரம்! காலையில் வேலையை விட்டு அனுப்பப்பட்டவர் அன்று மாலை வீட்டிலிருந்து புரொடக்‌ஷன் நேம்ஸ்பேஸை அழிக்கலாம் என்று அர்த்தம். இந்த டீஃபால்ட்டை அப்படியே விட்டிருப்பது எனக்குப் பிடிக்கவில்லை, மாற்றச் சொல்லி ஆவணத்தில் இன்னும் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும். 10 நிமிடமோ 15 நிமிடமோ வையுங்கள், குபெலாகின் தானாகப் புதுப்பிப்பதால் பயனருக்கு வித்தியாசமே தெரியாது.

ஆயுளைக் குறைத்தால் மீதியை ரிஃப்ரெஷ் பார்த்துக்கொள்கிறது, டெக்ஸ் இங்கே ஒழுங்காக வேலை செய்கிறது. எல்டாப் கனெக்டர் ஒவ்வொரு ரிஃப்ரெஷின்போதும் திரும்பப் போய் அந்த ஆள் இருக்கிறாரா, எந்தக் குழுக்களில் இருக்கிறார் என்று பார்க்கிறது. ஆள் இல்லை என்றால் புது டோக்கன் இல்லை. குழு மாறியிருந்தால் புது டோக்கனில் மாறி வரும். ஆக, எல்டாப்பில் செய்கிற மாற்றம் கால் மணி நேரத்துக்குள் கிளஸ்டருக்கு வந்துவிடும். ரிஃப்ரெஷ் டோக்கனுக்கும் மொத்த ஆயுள், பயன்படுத்தாமல் இருந்தால் எத்தனை நாளில் சாகும் என்றெல்லாம் தனித்தனியாக வைக்க முடிகிறது, அவற்றையும் வைத்துவிடுங்கள். அந்தக் கால் மணி நேரம் கூடத் தாங்காத அவசரம் என்றால், ஆர்பேக்கில் ஒரே ஒருவரை மறுக்கும் வசதி இல்லாததால் குழுவுக்குக் கொடுத்த உரிமையை அவருக்கு மட்டும் நிறுத்த முடியாது, ஆனால் மேலே சொன்ன புது கான்ஃபிக் ஃபைலில் இந்தப் பெயரை ஏற்காதே என்று ஒரு விதி சேர்த்தால் ரீஸ்டார்ட் இல்லாமல் கதவு மூடிவிடும். ஏபிஐ சர்வர் ஓடும் கண்ட்ரோல் பிளேன் நோடுகள் பல இருந்தால் எல்லாவற்றிலும் சேர்க்க வேண்டும்.

எல்டாப் கனெக்டர் பற்றி இன்னும் இரண்டு வார்த்தை. ஆக்டிவ் டைரக்டரியில் குழுவுக்குள் குழு வைத்திருப்பவர்களுக்கு நேரடிக் குழு மட்டும்தான் டோக்கனில் வரும், உள்ளே உள்ளே இருப்பது வராது. அதற்கு குழு தேடும் இடத்தில் மெம்பர் என்பதோடு 1.2.840.113556.1.4.1941 என்ற நீளமான எண்ணைச் சேர்க்க வேண்டும், அது சங்கிலியாகப் போய்த் தேடு என்று ஆக்டிவ் டைரக்டரிக்குச் சொல்லும் விதி. சேர்த்ததும் இன்னொரு பக்கம் வீங்கும்: பெரிய கம்பெனியில் ஒருவர் நூறு குழுவில் இருப்பார், அத்தனையும் டோக்கனில் ஏறி, நடுவில் ப்ராக்ஸி ஏதாவது இருந்தால் ஹெடர் பெரிதாக இருக்கிறது என்று அது துப்பிவிடும். தேடலில் ஃபில்டர் வைத்து கிளஸ்டருக்குச் சம்பந்தப்பட்ட குழுக்களை மட்டும் எடுங்கள்.

சாமல் (இன்னொரு லாகின் நெறிமுறை) மட்டும் வைத்திருப்பவர்கள் டெக்ஸ் பக்கம் வராமல் இருப்பதே நல்லது. அந்த கனெக்டர் பராமரிக்கப்படவில்லை, பாதுகாப்பு ஓட்டைகள் இருக்க வாய்ப்பு உண்டு என்று டெக்ஸின் ஆவணமே எச்சரிக்கிறது, ரிஃப்ரெஷும் அதில் இல்லை. வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்கள், அதற்குப் பாராட்டு.

இன்னொரு லாகின் சாஃப்ட்வேரான கீக்ளோக்கோடு ஒப்பிடாமல் முடிக்க முடியாது, எல்லாரும் கேட்கிற கேள்வி அது. கீக்ளோக்கில் பயனர்களை உருவாக்க, நீக்க, பாஸ்வேர்டு மாற்ற, ஓடிபி வைக்க எல்லாவற்றுக்கும் திரை இருக்கிறது. டெக்ஸில் அட்மின் திரை என்று ஒன்றுமே இல்லை, நிரந்தரப் பயனர்களை யாமலில் பாஸ்வேர்டு ஹாஷோடு எழுதலாம், அது சோதனைக்கு. லாகின் எவ்வளவு பலமானது என்பதும் பின்னால் நீங்கள் மாட்டியிருப்பதைப் பொறுத்தது, கிட்ஹப் என்றால் அவர்களுடைய இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு வரும், வெறும் எல்டாப் என்றால் வெறும் பாஸ்வேர்டுதான். ஆனால் கீக்ளோக் ஜாவா, அதற்கு டேட்டாபேஸ் வேண்டும், மெமரி வேண்டும், அப்கிரேட் செய்ய ஒருவர் வேண்டும். பத்து அப்ளிகேஷனுக்கு ஒரே லாகின் வேண்டும் என்ற கம்பெனி கீக்ளோக்குக்குப் போகலாம். கிளஸ்டர் லாகினுக்காக மட்டும் கீக்ளோக்கை இறக்குவது எனக்கு அதிகப்படியாகத் தெரிகிறது.

கிளவுடில் வாங்கிய கிளஸ்டர்கள் வேறு கதை. ஏபிஐ சர்வர் அவர்கள் கையில் இருப்பதால் ஃப்ளாகும் இல்லை, கான்ஃபிக் ஃபைலும் இல்லை. அமேசான் ஈகேஎஸ் ஓஐடிசி வழங்குநர் ஒன்றை இணைக்க விடுகிறது, ஒன்றே ஒன்று, அதுவும் இன்டர்நெட்டிலிருந்து எட்டக்கூடியதாக இருக்க வேண்டும், அதாவது உங்கள் டெக்ஸை வெளியே காட்ட வேண்டும். அங்கே அவர்களுடைய சொந்த லாகின், உரிமை அமைப்பான ஐஏஎம் வழியிலேயே போய்விடுவது நிம்மதி. பல கிளவுடில் பல கிளஸ்டர் வைத்துக்கொண்டு ஒரே லாகின் வேண்டும் என்பவர்கள் பின்னிபெட் என்ற லாகின் கருவியைப் பாருங்கள், ஏபிஐ சர்வரைத் தொடாமலே அது வேலை செய்யும். குபர்னெட்டிஸின் இலகு வடிவமான கே3எஸ் ஓட்டுபவர்களுக்குக் கவலையில்லை, அதன் கான்ஃபிக் ஃபைலிலேயே ஏபிஐ சர்வருக்கான ஆப்ஷன்களைக் கொடுக்கலாம்.

டெக்ஸ் போட்டதும் பழைய அட்மின் ஃபைலை எங்கும் இல்லாமல் அழித்துவிடாதீர்கள். டெக்ஸ் அதே கிளஸ்டருக்குள் ஓடினால், கிளஸ்டர் சீக்கானால் டெக்ஸும் சீக்கு, சரிசெய்ய உள்ளே போக டோக்கன் கிடைக்காது. சர்டிஃபிகேட் ஃபைல் ஒன்று பூட்டி வைத்த இடத்தில், இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்து இருக்கட்டும்; குபேட்எம் கொடுக்கும் சர்டிஃபிகேட்டின் ஆயுள் 1 வருடம், புதுப்பிக்கும்போது பூட்டுக்குள் இருப்பதையும் மாற்றுங்கள். மீதி எல்லாரும் டெக்ஸ் வழியாக. வேலை செய்கிறதா என்று பார்க்க கியூப்சிடிஎல் ஆத் ஹூஆம்ஐ அடித்துப் பாருங்கள், 1.28 முதல் நிலையான கமாண்ட், உங்கள் பெயரும் முன்னொட்டோடு குழுக்களும் வரும். குழு வரவில்லை என்றால் முதலில் குபெலாகின் ஆப்ஷனில் குழுவுக்கான ஸ்கோப்பை (டோக்கனில் எந்த விவரம் வேண்டும் என்ற குறி) கேட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள், முக்கால்வாசி நேரம் அங்கேதான் விட்டுப்போயிருக்கும்.